குவாஹாட்டியின் கடைசி 20 நிமிடங்கள்: தேசியப் பயிற்சியாளரின் முடிவுகள் குறித்து ஒரு மன்றத்தில் நடந்த விவாதம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

2026 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்தில் இந்தியக் கால்பந்து அணி கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் ஆகிய அணிகளுடன் ஒரே பிரிவில் இடம்பெற்றது. பிரிவுக்கு நான்கு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் ஆறு ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவை மூன்றாம் சுற்றுக்குச் செல்லும், அவற்றுக்கு 2027 ஆசியக் கோப்பையிலும் நேரடியாக இடம் கிடைக்கும். உலகக் கோப்பை 48 அணிகளாக விரிந்து, ஆசியாவுக்கு எட்டு நேரடி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்த நேரம் அது. இந்தியா அதுவரை மூன்றாம் சுற்றை எட்டியதே இல்லை. கத்தார் முதலிடம் பெறும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லாததால், போட்டி உண்மையில் இரண்டாம் இடத்துக்குத்தான் என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

பயிற்சியாளர் குரோஷியாவைச் சேர்ந்த இகோர் ஸ்டிமாக். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்ற குரோஷிய அணியில் தற்காப்பு வீரராக ஆடியவர். 2019 மே மாதம் இந்தியப் பொறுப்பை ஏற்றவர். 2023ஆம் ஆண்டின் முற்பாதி அவருக்கு நன்றாகவே அமைந்தது. இம்பாலில் மூன்று நாடுகள் கோப்பை, புவனேஸ்வரில் இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூரில் தெற்காசியக் கோப்பை என அடுத்தடுத்து மூன்று கோப்பைகள் வந்தன. ஜூலையில் உலகத் தரவரிசையில் அணி 99ஆம் இடத்துக்கு ஏறியது. அந்த ஆண்டு அக்டோபரில் அவருடைய ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டது. அதிலிருந்து எட்டு மாதங்களில் அவர் நீக்கப்பட்டார்.

இந்த ஆய்வு அந்த எட்டு மாதங்களைப் பற்றியது. ஆனால் பயிற்சியாளரைத் தீர்ப்புக்கு உட்படுத்துவது இதன் நோக்கமன்று. வடசென்னையில் ஒரு விளையாட்டுத் திடலை ஒட்டியுள்ள சிறிய மன்றத்தில் இந்த ஆறு ஆட்டங்களையும் சேர்ந்து பார்த்தவர்கள், அவருடைய முடிவுகளைப் பற்றி எப்படி விவாதித்தார்கள், அந்த விவாதம் எங்கே தடம் புரண்டது, அதைச் சரிசெய்ய என்ன செய்யப்பட்டது, அது எந்த அளவுக்குப் பலித்தது என்பதே இங்கே பதிவாகிறது. மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் நான் எல்லா நாள்களிலும் உடன் இருந்தேன். ஆகவே இதில் சொல்லப்படும் பிழைகளில் எனக்கும் பங்கு உண்டு.

கூடியவர்கள்

மன்றம் என்பது ஓட்டுக் கூரை போட்ட ஒரே அறை. சுவரில் பழைய அணிகளின் புகைப்படங்கள், மூலையில் கேரம் பலகை, பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கப் பயன்படும் கரும்பலகை ஒன்று. பெரிய ஆட்டங்களின்போது வாடகைக்கு ப்ரொஜெக்டர் எடுத்து வெள்ளைத் துணியில் காட்டுவோம். சாதாரணமாக இருபது பேர் வருவார்கள். விவாதத்தில் முன்னின்றவர்கள் நால்வர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, சென்னை லீக்கில் லெஃப்ட் பேக்காக ஆடிய பெரியவர் ஒருவர். மாலையில் பையன்களுக்குப் பயிற்சி தருவதால் எல்லோராலும் ‘மாஸ்டர்’ என்று அழைக்கப்படுபவர். ஆட்டோ ஓட்டும் நடுவயதுக்காரர். மாவட்ட மகளிர் அணியில் கோல்கீப்பராக நின்ற, புள்ளியியல் படிக்கும் கல்லூரி மாணவி.

ஐரோப்பிய லீக் ஆட்டங்களுக்குக் கூடும் கூட்டத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஆளுக்கொரு அணி. கேலி பேசிக் கலைந்துவிடுவார்கள். இந்திய அணி ஆடும்போது எல்லோரும் ஒரே பக்கம் என்பதால், தோல்விக்குப் பிறகு கேலி செய்ய எதிரணிக்காரன் இருப்பதில்லை. கோபம் முழுதும் பயிற்சியாளர் மீது போகும். அவர் தொலைவில் இருப்பதால், கடைசியில் பக்கத்து நாற்காலிக்காரர் மீது திரும்பும்.

நவம்பர் 2023

நவம்பர் 16 அன்று குவைத் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் இந்தியா 1-0 என வென்றது. 75ஆம் நிமிடத்தில் லாலியன்ஜுவாலா சாங்டே இடப்புறத்திலிருந்து அனுப்பிய பந்தை மன்வீர் சிங் கோலாக்கினார். வெளிநாட்டு மண்ணில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்றை வெல்வது இந்தியாவுக்கு அரிது. எனவே அன்றிரவு மன்றத்தில் பயிற்சியாளர் செய்தது எல்லாமே சரி என்றாகிவிட்டது. கிளப்பில் வலது ஓரத்தில் ஆடும் மன்வீரை நடுவில் கோலடிப்பவராகவும் பயன்படுத்துவது தவறு என்று அதுவரை சொல்லிவந்த ஆட்டோ ஓட்டுநரே, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று தொடங்கினார். யாரும் மறுக்கவில்லை. வெற்றி நாளில் மறுத்துப் பேச யாருக்கு மனம் வரும்?

ஐந்து நாள் கழித்துப் புவனேஸ்வரில் கத்தாரிடம் 0-3 எனத் தோற்றது. நான்காம் நிமிடத்திலேயே முதல் கோல் விழுந்துவிட்டது. ஆசியக் கோப்பையை வைத்திருந்த அணியிடம் தோற்பது எதிர்பார்த்ததே என்று மாஸ்டர் சொன்னார். அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருணியன் ஆகியோர் காயத்தால் இல்லை என்பதையும் நினைவூட்டினார். ஆனால் குவைத்தில் சரியாக இருந்த அதே முடிவுகள் இப்போது குற்றங்களாகப் பேசப்பட்டன. கோலடிக்க 39 வயதான அணித் தலைவர் சுனில் சேத்ரியை இன்னும் நம்பியிருப்பது, நடுக்களத்தில் ஆள் குறைவது, பந்தைப் பின்னாலிருந்தே கட்டி ஆட முயல்வது ஆகிய மூன்றும் பட்டியலில் ஏறின. ஐந்து நாளில் அணியும் மாறவில்லை, பயிற்சியாளரின் கொள்கையும் மாறவில்லை. மாறியது முடிவுப் பலகை மட்டுமே. இதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை. பின்னால் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஜனவரி 2024

கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூட அடிக்காமல் அணி திரும்பியது; சிரியா ஆட்டத்தில் தற்காப்பு வீரர் சந்தேஷ் ஜிங்கன் காயமடைந்து, தகுதிச் சுற்றின் எஞ்சிய ஆட்டங்களுக்கும் இல்லாமல் போனார். தரவரிசை 117க்குச் சரிந்தது. பெரிய போட்டிக்கு முன் நீண்ட பயிற்சி முகாம் வேண்டும் என்று பயிற்சியாளர் கேட்டுவந்ததும், உள்நாட்டு லீக் அட்டவணை அதற்கு இடம் தராததும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

தகுதிச் சுற்றுக்கு நேரடித் தொடர்பில்லாத இந்தப் போட்டிதான் மன்றத்தை இரண்டாகப் பிரித்தது. ஒரு தரப்புக்குப் பயிற்சியாளர் போக வேண்டும். மறு தரப்புக்கு, இந்தியக் கால்பந்தை நடத்தும் கூட்டமைப்பு மாற வேண்டும். இரண்டு தரப்பும் பேசிக்கொண்டவை வெவ்வேறு கேள்விகள் என்பதால் ஒன்றுக்கொன்று பதிலாக அமையவே இல்லை. ஸ்ட்ரைக்கராக யாரை இறக்குவது என்பது பயிற்சியாளரின் கையில் இருக்கிறது. லீக்கில் பெரும்பாலான கிளப்புகள் அந்த இடத்தை வெளிநாட்டு வீரருக்குக் கொடுத்துவிட்டு இந்தியர்களை ஓரங்களுக்குத் தள்ளுவது அவர் கையில் இல்லை. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளி வீரர்களைச் சேர்க்க வேண்டும் என்று அவர் கேட்டது, இரட்டைக் குடியுரிமை இல்லாத நாட்டில் சட்டம் சார்ந்த விஷயம். இவை எல்லாம் ‘ஸ்டிமாக் வேண்டுமா வேண்டாமா’ என்ற ஒற்றைக் கேள்விக்குள் திணிக்கப்பட்டன.

மார்ச் 2024: அபாவும் குவாஹாட்டியும்

ஆப்கானிஸ்தானுடனான இரண்டு ஆட்டங்களும் ஐந்து நாள் இடைவெளியில் வந்தன. அந்த அணி நவம்பரில் கத்தாரிடம் 1-8, குவைத்திடம் 0-4 எனத் தோற்றிருந்தது. தங்கள் கூட்டமைப்பின் மீது ஊழல் குற்றம் சாட்டி முக்கிய வீரர்கள் பலர் ஆட மறுத்திருந்தனர். பயிற்சியாளரோ ஒரு காலத்தில் பெங்களூரு அணிக்குப் பயிற்சி தந்த ஆஷ்லி வெஸ்ட்வுட். இந்திய வீரர்களை நன்கு அறிந்தவர். ஆறு புள்ளிகளையும் எடுத்துவிடுவோம் என்றே மன்றத்தில் எல்லோரும் நம்பினோம்.

சவூதி அரேபியாவின் அபாவில் நடந்த முதல் ஆட்டம் நமக்கு நள்ளிரவு கடந்து தொடங்கியது. 0-0. பார்த்தவர்கள் ஏழு பேர்தான். மறுநாள் காலை தேநீர்க் கடையில், ஆட்டத்தைப் பார்க்காதவர்களே அதிகம் பேசினார்கள்.

மார்ச் 26 அன்று குவாஹாட்டியில் இரண்டாம் ஆட்டம். முந்தைய நாள் செய்தியாளர் சந்திப்பில், அணியை மூன்றாம் சுற்றுக்குக் கொண்டுசெல்லாவிட்டால் தாம் விலகிவிடுவதாக ஸ்டிமாக் அறிவித்திருந்தார். சேத்ரிக்கு அது 150ஆவது சர்வதேச ஆட்டம். 38ஆம் நிமிடத்தில் பெனால்டியை அவர் கோலாக்கியபோது அறை அதிர்ந்தது. அது அவருடைய 94ஆவது கோல். இடைவேளையில் தேநீர் வந்தது, மாஸ்டர் கரும்பலகையில் புள்ளிக் கணக்கை எழுதத் தொடங்கியிருந்தார்.

இரண்டாம் பாதியில் இந்தியா கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. ஆள்மாற்றங்கள் நடந்தன. 70ஆம் நிமிடத்தில் ரஹ்மத் அக்பரி அடித்த பந்து கோலாயிற்று. 88ஆம் நிமிடத்தில் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து செய்த ஃபவுலுக்குக் கிடைத்த பெனால்டியை ஷரீஃப் முகம்மது உள்ளே போட்டார். 1-2. தரவரிசையில் தங்களுக்கு வெகு கீழே இருந்த, ஒழுங்கான அணியையே திரட்ட முடியாத ஒரு நாட்டிடம், சொந்த மண்ணில்.

அன்றிரவு நடந்ததைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய வேண்டும். ஏனெனில் பின்னர் எடுத்த முடிவுகளுக்கு அதுவே காரணம். விசில் ஊதி இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஆட்டோ ஓட்டுநர், சேத்ரிக்குப் பிறகு யார் என்று ஐந்து ஆண்டுகளாக யோசிக்காத பயிற்சியாளரை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று தொடங்கினார். பெரியவர் ஆள்மாற்றங்களில் பெரிய தவறில்லை என்றார். முன்னிலை பெற்ற அணி பந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் எதிரிக்கு விட்டுக்கொடுத்ததுதான் தவறு என்பது அவர் கருத்து. இரண்டாவது கோலுக்குக் கோல்கீப்பரை மட்டும் குறை சொல்ல முடியாது, அந்தப் பந்து அங்கே வரும்வரை நடுக்களத்தில் நால்வர் ஓடாமல் நின்றார்கள் என்று மாணவி சொன்னார். “நீ கோலி, அதான் கோலிக்கு சப்போர்ட்டு” என்று ஒருவர் சிரித்தார். பெரியவர் அதைக் கண்டித்தபோது ஆட்டோ ஓட்டுநர் குரலை உயர்த்தினார்: “நீங்க ஆடின காலம் வேற பெரியவரே. இப்ப ஆட்டமே வேற.” பெரியவர் பதில் பேசவில்லை. வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். மாணவியும் எழுந்துவிட்டார். அடுத்த இரண்டு மாதம் இருவரும் வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோல்விக்குப் பிறகும் பிரிவில் இரண்டாம் இடத்தில் இருந்தது இந்தியாதான். நான்கு ஆட்டங்களில் இந்தியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் தலா 4 புள்ளிகள், குவைத்துக்கு 3. கோல் வித்தியாசத்தில் இந்தியா முன்னே நின்றது. மாஸ்டர் இடைவேளையில் எழுதிய கணக்கு கரும்பலகையில் பாதியில் நின்றிருந்தது. அதை முடித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

மே 16 அன்று சேத்ரி, கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்துடன் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அந்த ஆட்டத்தை எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் மாஸ்டருக்கும் இருந்தது. வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த தோல்வியில் அதே கதைதான் என்பதும் தெரிந்தது. என்ன செய்யலாம் என்று பேசியபோது மாஸ்டர் ஒரு யோசனை சொன்னார். பையன்களிடம் அவர் கையாளும் முறை அது: ஆட்டம் தொடங்குவதற்கு முன், தான் என்ன செய்யப்போகிறேன் என்று ஒவ்வொரு பையனும் சொல்ல வேண்டும், முடிந்த பிறகு அதைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும்.

இதைப் பெரியவர்களுக்கும் பொருத்தினோம். ஒரு நோட்டு வாங்கி, கேரம் பலகையின் காலில் சணல் கயிற்றால் ஒரு பேனாவைக் கட்டினோம். ஆட்டத்துக்கு முன், விரும்புகிறவர்கள் மூன்று விஷயங்களை எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதலாவது, பயிற்சியாளர் இடத்தில் இருந்தால் யாரை இறக்குவீர்கள். இரண்டாவது, முன்னிலை பெற்றால் என்ன செய்வீர்கள், பின்தங்கினால் என்ன செய்வீர்கள். மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் காரணம். எழுதாதவர்கள் ஆட்டத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். பயிற்சியாளரின் தேர்வைப் பற்றி மட்டும் அன்று பேச முடியாது.

ஏன் எழுத வேண்டும், சொன்னால் போதாதா என்று கேட்டார்கள். சொன்னது நினைவில் இருப்பதில்லை என்பதற்கு மன்வீர் விஷயமே சான்று. ஆட்டோ ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. குவைத்தில் கோல் விழுந்த கணத்தில், தாம் எப்போதும் மன்வீர் பக்கம் இருந்ததாகவே அவர் உண்மையில் நம்பினார். முடிவு தெரிந்த பிறகு பழைய கருத்து தானாகவே திருத்தி எழுதப்பட்டுவிடுகிறது. எங்களில் எவரும் அதற்கு விலக்கல்ல.

பெரியவரை அழைக்க ஆட்டோ ஓட்டுநரே போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஜூன் 6 மாலை ஆட்டோவில் இருவரும் சேர்ந்து வந்திறங்கினார்கள்.

ஜூன் 6: சேத்ரியின் கடைசி ஆட்டம்

பயிற்சியாளர் புவனேஸ்வரில் நீண்ட முகாம் நடத்தியிருந்தார். இரண்டாம் நிலை லீக்கான ஐ-லீக்கில் ஆடியவர்களையும் அழைத்திருந்தார். முகாம் போதவில்லை என்ற வாதத்துக்கு இம்முறை இடம் குறைவு. நோட்டில் எழுதியவர்களில் பெரும்பாலோர் சேத்ரி முதல் நிமிடத்திலிருந்தே ஆட வேண்டும் என்று எழுதியிருந்தனர். காரணம் என்ற இடத்தில் சிலர் ‘கோலடிக்க வேறு ஆளில்லை’ என்றும், சிலர் வெறுமனே ‘கடைசி ஆட்டம்’ என்றும் எழுதினார்கள். மாணவி மட்டும், முதல் பாதி அவர், இரண்டாம் பாதியில் வேகமானவர் ஒருவர் என்று எழுதி, குவைத்தின் தற்காப்பு முன்னேறி நிற்பதைக் காரணமாகக் காட்டியிருந்தார்.

சால்ட் லேக் அரங்கம் நிறைந்து வழிந்தது. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில், மாற்று வீரராக வந்த ரஹீம் அலிக்கு, கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்கும் வாய்ப்புக் கிடைத்தது, பந்து தடுக்கப்பட்டது. சென்னையின் எஃப்சி அணிக்காகப் பல ஆண்டு ஆடியவர் என்பதால் எங்கள் அறையில் அவருக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. ஒரு கணம் எல்லோரும் எழுந்து, எல்லோரும் உட்கார்ந்தோம். ஆட்டம் 0-0 என முடிந்தது. சேத்ரி 151 ஆட்டங்களுடன் கண்ணீரோடு விடைபெற்றார்.

நோட்டைப் படிக்கும் வேளை வந்தது. “கெழவன வெச்சு ஆடுனா எப்படி கோல் வரும்” என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவரின் பக்கத்தில், சேத்ரி தொண்ணூறு நிமிடமும் ஆட வேண்டும் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அறையில் சிரிப்பு எழுந்தது, அவரும் சிரித்தார். குவாஹாட்டி இரவுக்கும் இதற்கும் இருந்த வேறுபாடு அந்தச் சிரிப்பு. அதன் பிறகு நடந்த பேச்சு, என் நினைவில், அந்த எட்டு மாதங்களில் நடந்தவற்றிலேயே நல்ல பேச்சு. தவறவிட்ட வாய்ப்பை வீரரின் பிழையாகவும், அந்த வாய்ப்பை உருவாக்கிய ஆள்மாற்றத்தைப் பயிற்சியாளரின் சரியான முடிவாகவும் பிரித்துப் பார்க்க முடிந்தது. கோல் விழாத ஒரு முடிவைச் சரியென்று இந்த மன்றம் ஏற்றுக்கொண்டது அதுவே முதல் முறை.

ஜூன் 11: தோஹா

கடைசி ஆட்டத்துக்கு முன் கணக்கு இப்படி இருந்தது. இந்தியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் தலா 5, குவைத்துக்கு 4. ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட கத்தார் இளம் வீரர்களை இறக்கப்போவது தெரிந்திருந்தது. இந்தியா வென்றால் மூன்றாம் சுற்று ஏறக்குறைய உறுதி. சமன் செய்தால், குவைத்தும் ஆப்கானிஸ்தானும் தங்களுக்குள் சமன் செய்துகொள்ள வேண்டும். தோற்றால் வழியே இல்லை. நோட்டில் பெரியவர் நீல மையில் எழுதியிருந்தது ஒரே வரி: ‘லீட் வந்தால் குவாஹாட்டி மாதிரி பின்னால் போய் உட்காரக் கூடாது.’

37ஆம் நிமிடத்தில் சாங்டே கோலடித்தார். இந்தியா நன்றாகவே ஆடியது. இதை எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டன. 73ஆம் நிமிடத்தில் யூசுஃப் அய்மன் தலையால் முட்டிய பந்தைக் குர்பிரீத் தடுத்தார். பந்து கோல் கம்பத்துக்கு வெளியே எல்லைக்கோட்டைக் கடந்து உருண்டது. கத்தார் வீரர் ஒருவர் அதைக் காலால் உள்ளே இழுக்க, அய்மன் அதைக் கோலுக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்றார். அந்தச் சுற்றில் காணொளி நடுவர் முறை இல்லை. 85ஆம் நிமிடத்தில் அகமது அல்ராவி இரண்டாவது கோலை அடித்தார். குவைத் ஆப்கானிஸ்தானை 1-0 என வென்றது. கத்தார் 16, குவைத் 7, இந்தியா 5, ஆப்கானிஸ்தான் 5 என்ற கணக்கில் எல்லாம் முடிந்தது.

நடுவரின் தவறு வெளிப்படையானது. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. கூட்டமைப்பு முறையீடு செய்ததும் நியாயமே. ஆனால் மன்றத்தில், கத்தார் நம்மை ஏமாற்றித்தான் வெளியேற்றியது என்ற ஒரே வாக்கியத்தில் மற்ற அனைத்தும் கரைந்துபோகத் தொடங்கியது. அப்போது மாணவி எழுந்து கரும்பலகைக்குச் சென்றார். ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டு கணக்குகளை எழுதினார்.

முதல் கணக்கு: அந்தத் தவறான கோல் இல்லை, ஆனால் இரண்டாவது கோல் உண்டு என்று கொண்டால் ஆட்டம் 1-1. இந்தியாவுக்கு 6 புள்ளி, குவைத்துக்கு 7. அப்போதும் வெளியேற்றம்தான். இரண்டாம் கணக்கு: தோஹாவில் நடந்தது அப்படியே நடக்கட்டும், குவாஹாட்டியில் 70ஆம் நிமிடம்வரை கையில் இருந்த 1-0 மட்டும் காப்பாற்றப்பட்டிருந்தால், இந்தியாவுக்கு 8, குவைத்துக்கு 7. தோஹாவில் ஏமாற்றப்பட்டு, தோற்று, அப்படியும் மூன்றாம் சுற்று.

சாக்பீஸை வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். மாஸ்டர் ஒரு நியாயமான ஆட்சேபம் தெரிவித்தார்: குவாஹாட்டி முடிவு மாறியிருந்தால் மற்ற அணிகளும் கடைசி ஆட்டங்களை வேறு விதமாக ஆடியிருக்கும், அநியாயமான கோலுக்குப் பின் மனம் உடைந்ததால்தான் இரண்டாவது கோல் விழுந்தது என்றும் சொல்லலாம். உண்மைதான். எண்கள் நடந்ததைத்தான் கூட்டிக் கழிக்கும். ஆனாலும் விவாதத்தின் இடத்தை அந்தக் கரும்பலகை மாற்றியது. ஆறு ஆட்டங்களில் அடித்தது மூன்று கோல். அதிலும் ஒன்று பெனால்டி. இரண்டு ஆட்டங்களில் 12 கோல் வாங்கிய அணியிடம் எடுத்தது ஆறில் ஒரு புள்ளி. பயிற்சியாளரைக் கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருந்தது. எட்டு மாதம் நாங்கள் வேறு இடங்களில் தேடிக்கொண்டிருந்தோம்.

பின் நிகழ்ந்தவை

ஜூன் 17 அன்று ஸ்டிமாக் நீக்கப்பட்டார். அவர் கூட்டமைப்பைக் கடுமையாகச் சாடினார். ஒப்பந்தப் பணம் பற்றிய பூசலும் தொடர்ந்தது. ஜூலையில், கோவா அணியின் பயிற்சியாளராக இருந்த ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கெஸ் நியமிக்கப்பட்டார். 2024ஆம் ஆண்டில் இந்தியா ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. 2025 மார்ச்சில் சேத்ரி ஓய்விலிருந்து திரும்பி வந்தார். கோலடிக்க ஆளில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை. 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்களில், ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் 0-0, ஜூனில் ஹாங்காங்கிடம் 0-1. மார்க்கெஸ் விலக, ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். அக்டோபரில் கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்றதும் 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போயிற்று. அன்றும் முதல் கோலை அடித்தவர் சாங்டே. அன்றும் முன்னிலை நிற்கவில்லை.

‘கோச்சை மாற்றினால் சரியாகிவிடும்’ என்று 2024இல் நோட்டில் எழுதியவர்கள் மூவர். தாங்கள் தவறு என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. மாற்றிய விதம் தவறு என்கிறார்கள். அதையும் மறுத்துவிட முடியாது.

நோட்டைப் பொறுத்தவரை, அதற்கும் குறைகள் தெரியவந்தன. சில மாதங்களில் ஆள்கள் சாமர்த்தியமாகிவிட்டார்கள். மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ‘நிலைமையைப் பார்த்து மாற்ற வேண்டும்’ என்பது போன்ற, எந்த முடிவுக்கும் பொருந்தும் வரிகளை எழுதத் தொடங்கினார்கள். அமைதியானவர்கள் எழுதினார்கள், பேசவில்லை. பேசுகிறவர்களில் சிலர் எழுதவே மறுத்து, நிபந்தனையையும் மீறினார்கள். கூட்டமும் குறைந்தது. தோல்விக்குப் பிறகு திட்டித் தீர்க்கத்தான் சிலர் வந்தார்கள் போலும். அதற்கு இடமில்லை என்றானதும் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாள் முழுதும் வெயிலில் வண்டி ஓட்டிவிட்டு வருகிறவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது சற்று அதிகமான எதிர்பார்ப்புதான்.

மாற்றிச் செய்திருக்கக் கூடியவை

முதல் ஆட்டத்திலிருந்தே எழுதத் தொடங்கியிருக்க வேண்டும். குவைத் வெற்றிக்கு முன் நாங்கள் உண்மையில் என்ன நினைத்தோம் என்பதற்கு இன்று சான்று இல்லை. மன்வீர் விஷயத்தில் என் நினைவும் தவறாக இருக்கலாம். வெற்றி பெற்ற ஆட்டங்களையும் அதே கடுமையுடன் ஆராய்ந்திருக்க வேண்டும். குவைத்தில் 75 நிமிடம் கோலின்றித் திணறியதை அன்றே பேசியிருந்தால், அபா எங்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

பயிற்சியாளரின் கையில் இருப்பது, கூட்டமைப்பின் கையில் இருப்பது, கிளப்புகளின் கையில் இருப்பது என்ற பிரிவினையை ஜனவரியிலேயே செய்திருக்கலாம். இப்போது நோட்டில் அதற்குத் தனிக் கட்டம் போட்டிருக்கிறோம். ஸ்ட்ரைக்கர் யார் என்ற கேள்வி வந்தால், இருக்கும் 23 பேரிலிருந்துதான் பெயர் சொல்ல வேண்டும். இல்லாத ஒருவரை இறக்கியிருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. ‘நிலைமையைப் பார்த்து’ என்ற சொற்றொடர் தடை செய்யப்பட்டுள்ளது. வீரரின் பெயரும் நிமிடமும் கட்டாயம்.

குவாஹாட்டி இரவில் செயலாளரான நான் செய்திருக்க வேண்டியது எளிமையானது. விசில் ஊதியதும் விளக்கைப் போட்டு, எல்லோரையும் தேநீருக்கு வெளியே அனுப்பி, அரை மணி நேரம் கழித்துப் பேச்சைத் தொடங்கியிருக்கலாம். இப்போது அதுவே வழக்கம். ப்ரொஜெக்டரை அணைத்ததும் ஆட்டோ ஓட்டுநர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போகிறார். அவர் திரும்பும்வரை நோட்டை யாரும் திறப்பதில்லை.